தளர்ந்த கைக்குத் துணை

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. சறுக்கிய யானையைக் கண்டு நகைப்பவர் பலர். அது மீண்டும் எழும்வரை அருகில் நிற்பவர் சிலர். நேற்றுவரை நன்றாகச் செய்துவந்த ஒன்றை இன்று செய்ய இயலாமல் திகைக்கும் இளையோர்க்கு வேண்டியவர் அந்தச் சிலரே. இவ்வுண்மையை விளையாட்டுக் களத்தில் தெளிவாகக் காணலாம்.

அமெரிக்க நாட்டில் பள்ளிச் சிறுமியர் விரும்பி ஆடும் ஆட்டங்களுள் ஒன்று சாப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம். 1887ஆம் ஆண்டில் சிகாகோ நகரில், கட்டடத்தினுள் ஆடும் ஆட்டமாக அது பிறந்தது. பெயர்தான் மென்பந்து, பந்து மென்மையானதன்று. 12 அங்குலச் சுற்றளவுள்ள அப்பந்தை எறிபவள் கையைத் தாழ்த்திச் சுழற்றி விரைவாக வீசுவாள். உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் ஆட்டத்தில், எறியும் இடத்துக்கும் அடிக்கும் தளத்துக்கும் இடையே உள்ள தொலைவு 43 அடி. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் 88 அடி செல்லும். ஆகவே 43 அடியை அரை நொடிக்குள் கடந்துவிடும். அதற்குள் பந்தைக் காண வேண்டும். அடிக்கத் தக்கதா என்று முடிவு செய்ய வேண்டும். உருண்டை மட்டையால் உருண்டைப் பந்தை நேராகச் சந்திக்கவும் வேண்டும். இஃது எளிய செயலன்று.

பத்து வாய்ப்புகளில் மூன்றில் நல்லடி அடித்துத் தளம் சேர்பவள் நல்ல ஆட்டக்காரியே. ஆனால் அவளும் பத்தில் ஏழு முறை தோற்கிறாள் என்பதை மறத்தல் ஆகாது. அவளுடைய திறமை சிறிதும் குறையாதபோதும், தொடர்ந்து பத்து முறை அவள் தவறுவதற்கு நூற்றில் ஏறத்தாழ மூன்று பங்கு இடம் உண்டு. இது வெறுங்கணக்கு. ஒரு பருவத்தில் நூறு முறை மட்டை பிடிப்பவளுக்கு இத்தகைய வறட்சி ஒரு முறையேனும் நேர்ந்தால் அதில் வியப்பில்லை. மழை பொய்த்த ஒரு திங்களைக் கண்டு, இனி மழையே இல்லை என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. சிறுமியின் ஆட்டத்திலும் அந்தப் பொறுமை வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? இரண்டு ஆட்டங்களில் அடி தவறியதும் அறிவுரைகள் நாற்புறமும் வந்து குவிகின்றன. முழங்கையை உயர்த்து என்கிறார் தந்தை. காலை அகற்றி நில் என்கிறார் பயிற்சியாளர். வேறு மட்டையை எடு என்கிறாள் தோழி. தலையை அசைக்காதே என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. எல்லாரும் அன்பினாலேயே சொல்கின்றனர். ஆயினும் அரை நொடிக்குள் வந்து சேரும் பந்தின்முன் நின்று, நான்கு அறிவுரைகளை நினைவு கூர்வது எப்படி? நன்கு பழகிய கை எண்ணாமலே இயங்கும். அதை இடையில் நிறுத்தி ஒவ்வோர் அசைவையும் எண்ணச் செய்தால், இயல்பான ஓட்டம் தடைப்படும். நடப்பவன் ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்து வைக்கத் தொடங்கினால், வழியே இடறும் அன்றோ? தளர்ச்சி என்று பெயர் பெறுவதில் ஒரு பகுதி தற்செயலாய் வருவது. மற்றொரு பகுதி அச்சத்தால் வளர்வது. தற்செயலாய் வந்தது தானே செல்லும். அச்சத்தால் வளர்ந்ததைப் பெரியோரின் பதற்றம் மேலும் வளர்க்கும்.

மென்பந்தாட்டத்துக்குத் தாயாகிய பேஸ்பால் ஆட்டத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று தருகிறது. 1951ஆம் ஆண்டு மே மாதத்தில், வில்லி மேஸ் என்னும் 20 வயது இளைஞர் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியில் சேர்ந்தார். அதற்குமுன் மினியாபொலிஸ் அணியில் ஆடியபோது, ஏறக்குறைய இரண்டு வாய்ப்புகளுக்கு ஒன்று வீதம் நல்லடி அடித்தவர் அவர். ஆனால் புதிய அணியில் முதல் 12 வாய்ப்புகளில் ஒன்றிலும் அவர் வெற்றி பெறவில்லை. பின்பு ஒரு முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார். மீண்டும் வறட்சி தொடர்ந்தது. ஏறத்தாழ 25 வாய்ப்புகளில் அவர் பெற்றது அந்த ஓர் அடியே. மனம் உடைந்த மேஸ் கண்ணீர் விட்டார்; தம்மைப் பழைய அணிக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினார். அணியின் மேலாளர் லியோ டுரோச்சர் கடுஞ்சொல்லுக்குப் பெயர் பெற்றவர். அவரோ அன்று கடியவில்லை. தாம் மேலாளராக இருக்கும்வரை நடுக்களக் காவல் மேஸுக்கே உரியது என்று உறுதி கூறினார். அவ்வாண்டு முடிவில் மேஸ் 20 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்னும் விருதும் பெற்றார். 2024ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, 660 ஹோம் ரன்கள் அடித்த பெருவீரராக உலகம் அவரை நினைவுகூர்ந்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் எண்ணத் தக்கது. 1952ஆம் ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரில் புரூக்ளின் அணியின் கில் ஹாட்ஜஸ் 21 முறை அடிக்க முயன்றும் ஒரு நல்லடியும் பெறவில்லை. அணியும் தொடரை இழந்தது. ஊரார் அவரை இகழ்ந்திருக்கலாம், இகழவில்லை. ஆறுதல் மடல்கள் அனுப்பினர். மறு ஆண்டின் தொடக்கத்திலும் அவர் தளர்ந்திருந்தபோது, புரூக்ளின் பாதிரியார் ஒருவர், வெயில் மிகுதியால் சொற்பொழிவைக் கைவிட்டு, ஹாட்ஜஸுக்காக வேண்டிக்கொள்ளுமாறு மக்களிடம் சொல்லி அனுப்பினார். அப்பருவம் முடிந்தபோது, ஹாட்ஜஸ் பத்துக்கு மூன்றுக்குமேல் என்னும் விகிதத்தை எட்டியிருந்தார். அன்பு மட்டையை அசைத்தது என்று கூற இயலாது. ஆனால் அவர் அச்சமின்றி மட்டையைப் பிடிப்பதற்கு அது இடம் கொடுத்தது.

இவ்வாறு பரிவு காட்டுவது பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்கும் என்று சிலர் கூறலாம். பிழையைத் திருத்தாமல் விடுவது அன்பாகுமா என்றும் கேட்கலாம். அக்கேள்வி தக்கதே. பரிவு வேறு, பாராமுகம் வேறு. சிறுமியின் கையிலோ தோளிலோ வலி உண்டா, கண்பார்வை குறைந்துள்ளதா, வளர்ச்சிக்கேற்ற மட்டையைப் பிடிக்கிறாளா, போதிய உறக்கம் கொள்கிறாளா என்பவற்றைப் பெரியோர் முதலில் ஆராய வேண்டும். பின்பு ஆட்டம் அறிந்த ஒருவர், ஒருவர் மட்டுமே, அவள் அடிப்பதை அமைதியாக நோக்க வேண்டும். பிழை பல இருப்பினும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பயிற்சி வேளையில் அதைத் திருத்த வேண்டும். தண்டின்மேல் நிறுத்திய பந்தை அடித்தும், மெதுவாக எறிந்த பந்தை அடித்தும் இழந்த நம்பிக்கையை அவள் சிறிது சிறிதாகத் திரட்டலாம். போட்டி தொடங்கிய பின்னர்த் திருத்தம் கூறுதல் பயன் தராது.

அளக்கும் முறையையும் மாற்றுதல் நன்று. உறுதியாக அடித்த பந்து எதிரணியாளின் கைக்கே சென்றுவிடலாம். தவறாகப் பட்ட பந்து ஆளில்லா இடத்தில் விழலாம். ஆகவே எத்தனை முறை தளம் சேர்ந்தாள் என்று கேட்பதைவிட, எத்தனை முறை நல்ல பந்தைத் தேர்ந்து உறுதியாக அடித்தாள் என்று கேட்பதே முறை. முன்னதில் பிறர் கையும் தற்செயலும் கலந்துள்ளன. பின்னது அவள் கையில் உள்ளது. உழைப்பவரை அவர் கையில் உள்ளதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் பெற்றோர் காக்கும் அமைதியும் ஒரு துணையே. அன்று அடித்தாளா தவறினாளா என்பதைப் பொறுத்து அவர்தம் முகம் மலர்வதும் சுருங்குவதும் ஆயின், சிறுமி பந்தோடு அம்முகத்தையும் எதிர்த்து ஆட நேரும். எவ்வாறு ஆடினும் அவள் தங்கள் மகளே என்பதை அவள் ஐயமின்றி உணர வேண்டும். தோழியர்க்கும் கடமை உண்டு. தவறித் திரும்புபவளுக்கு இருக்கையில் இடம் விட்டு, வழக்கம்போல் பேசினாலே போதும். ஆட்டக்காரியின் கடமையோ அடுத்த பந்தைப் பார்ப்பது. சென்ற பந்து சென்றது. அதை இனி எந்த மட்டையும் தொட இயலாது.

கணக்கில் தேர்ந்த மாணவன் திடீரென ஒரு தேர்வில் தடுமாறுவதும், இனிய குரலுடையவள் மேடையில் சொல் மறந்து நிற்பதும் இதைப் போன்றவையே. அத்தகைய வேளையில் சுற்றியிருப்போர் உரைக்கும் சொல், பல ஆண்டுகள் நெஞ்சில் நிற்கும். வெற்றி பெற்றவரைப் பாராட்ட ஊரே திரளும். தளர்ந்தவர் அருகில் நின்று, உன் இடம் உனக்கே என்று உரைப்பதற்கு ஒருவர் போதும். அந்த ஒருவராக இருத்தல் எவர்க்கும் இயலும்.