சட்டப் படிப்பிலுமா வருணாசிரமம்?

வக்கீல் தொழிலுக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு இன்று நம் நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவுடன் நேராகச் சேர்ந்து ஐந்து வருஷம் படிப்பது. மற்றொன்று, ஏதாவதொரு பட்டம் பெற்றுக்கொண்டு அதன் பிறகு மூன்று வருஷம் சட்டம் படிப்பது. இவ்விரண்டில் எதில் சேருவது என்று வருஷந்தோறும் பரீட்சை முடிவு வெளியாகின்ற காலத்தில் ஊரெல்லாம் பேச்சு நடக்கின்றது. பேச்சு நடப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பேச்சானது பிள்ளையின் வயதென்ன, வீட்டு நிலைமை என்ன, அவன் ஆசை எவ்வளவு உறுதியானது என்பவைகளைப் பற்றியதாக இல்லாமல், “ஐந்து வருஷத்தான் உசத்தி, மூன்று வருஷத்தான் மட்டம்” என்கின்ற ஜாதிப் பேச்சாகவே இருந்து வருகின்றது. அதைப் பற்றித்தான் இங்கு சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவதாக, சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லுகின்றது? 1961-ஆம் வருஷத்து அட்வகேட்டுகள் சட்டத்தின் 24-வது பிரிவின்படி இவ்விரு வழிகளில் எதில் வந்தவனும் ஒரே பட்டியலில்தான் பெயர் பதிவு செய்துகொள்ளுகின்றான். ஒரே அங்கியைத்தான் போட்டுக்கொள்ளுகின்றான். ஐந்து வருஷம் படித்தவன் பேசக்கூடிய கோர்ட்டில் மூன்று வருஷம் படித்தவன் பேசக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது.

வெள்ளைக்காரர் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. லண்டனுக்குக் கப்பலேறிப் போய்வரப் பணமுள்ளவன் பாரிஸ்டர், இங்கேயே பி.எல். படித்தவன் வக்கீல்; அதற்குக் கீழே பிளீடர், அதற்கும் கீழே முக்தியார் என்று படிக்குமேல் படியாக ஏணி கட்டி வைத்திருந்தார்கள். பெண்ணென்றாலோ அந்த ஏணியில் கால் வைக்கவே 1923-ஆம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பேதங்களை மாற்றி, எல்லோரையும் அட்வகேட்டு என்கின்ற ஒரே வகுப்பில் சேர்ப்பதற்காகவே 1961-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. சட்டம் ஒழித்த ஏணியை நம்மவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கின்றார்கள் என்றால் இதைவிடப் பரிதாபம் வேறென்ன?

உசத்தி மட்டம் பேசுகின்றவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். ஐந்து வருஷப் படிப்புக்கு நாட்டுக்கே முன்மாதிரியாக 1988-ல் வகுப்புத் தொடங்கியது பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி. அதே பள்ளி 2022-ல் பட்டதாரிகளுக்கு மூன்று வருஷப் படிப்பை ஆரம்பித்தது. மூன்று வருஷப் படிப்புக்குப் பெயர் போன டில்லி சர்வகலாசாலையோ 2023-ல் ஐந்து வருஷப் படிப்பை ஆரம்பித்தது. ஒன்று உயர்ந்ததும் மற்றொன்று தாழ்ந்ததுமாக இருக்குமானால், இவ்விரண்டு ஸ்தாபனங்களும் ஒன்றையொன்று பார்த்து ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?

இன்னும் சொல்லுவோம். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதன்முதலாக 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியான ஏ.வரதராஜன் சென்னை லா காலேஜில் படித்தவர். 1989-ல் அந்தக் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி திருவனந்தபுரம் லா காலேஜில் படித்தவர். அவர்கள் படித்த நாளில் ஐந்து வருஷப் படிப்பென்பதே கிடையாது. பட்டம் பெற்ற பிறகு சட்டம் படித்தவர்கள்தான் அவர்கள். அதனால் அவர்கள் மட்டமாகிவிட்டார்களா?

இது நிற்க, அப்படியானால் எதைத்தான் தெரிந்தெடுப்பது என்று கேட்பீர்கள். பெருமை சிறுமை பார்க்காமல் கணக்குப் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

ஐந்து வருஷப் படிப்பில் முதல் லாபம், மூன்றும் மூன்றும் ஆறு ஆவதில் ஒரு வருஷம் மிச்சம். இரண்டாவது லாபம், நமது ராஜ்யத்தில் 2021-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றது. சட்டப் படிப்பும் அதில் அடக்கம். ஆகையால் சர்க்கார் பள்ளியில் படித்து, வக்கீலாகத்தான் ஆவேன் என்று உறுதியாய் இருக்கின்ற பிள்ளை இந்த வாய்ப்பைக் கைநழுவ விடுவது புத்திசாலித்தனமாகாது. தேசிய சட்டப் பள்ளிகளுக்கு மாத்திரமே ஆசைப்பட்டுக் காத்திருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அவைகளுக்கான கிளாட் பரீட்சை இங்கிலீஷில் மட்டுமே நடக்கின்றது. 2024 டிசம்பரில் நடந்த பரீட்சைக்கு மனுப்போடும் கட்டணமே பொதுப் பிரிவாருக்கு 4000 ரூபாய். உள்ளே போனால் வருஷத்திற்கு லட்சக்கணக்கில் செலவு. முடிந்தவர்கள் போகட்டும், முடியாதவர்கள் அதற்காக ஒரு வருஷத்தைப் பாழாக்க வேண்டியதில்லை.

ஆனால் ஐந்து வருஷப் படிப்பில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கின்றது. அதைச் சேரும்போது யாரும் சொல்லுவதில்லை. பார் கவுன்சிலின் 2008-ஆம் வருஷத்து விதிகளின்படி, இந்தப் படிப்பின் நடுவில் புதிதாய் உள்ளே வரவும் முடியாது, நடுவில் நின்று ஒரு பட்டத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு வெளியே போகவும் முடியாது. மூன்று வருஷம் படித்துவிட்டுத் தகப்பன் இறந்துபோனதாலோ கடன் மிஞ்சியதாலோ ஒரு பையன் நின்றுவிட்டால் அவன் கையில் பி.ஏ.யும் இல்லை, பி.எல்.லும் இல்லை. பட்டம் பெற்றுவிட்டு மூன்று வருஷச் சட்டத்தில் சேர்ந்தவன் அப்படி நடுவில் நிற்க நேர்ந்தாலோ, பெற்ற பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு உத்தியோகப் பரீட்சையாவது எழுதலாம். எனவே, குடும்பம் எந்த நிமிஷத்திலும் தன்னைக் கூப்பிடும் என்கின்ற நிலைமையிலுள்ள குடியானவன் மகனுக்கும் கூலிக்காரன் மகனுக்கும், இன்னும் மனது உறுதிப்படாத பிள்ளைக்கும், ஆறு வருஷ வழி சுற்று வழியானாலும் நடுவில் தங்குவதற்கு ஒரு சாவடி உள்ள வழியாகும். ஒரு வருஷம் வீண் என்பது அவர்கள் விஷயத்தில் அர்த்தமற்ற பேச்சு.

பெண்மக்கள் விஷயத்திலோ இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடுகின்றது. நம் வீடுகளில் பெண் ஒரு பட்டம் வாங்கிவிட்டாள் என்றால் “படித்தது போதும்” என்று மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிடுகின்றார்கள். பட்டத்துக்குப் பிறகு சட்டம் என்று அவள் வைத்திருந்த எண்ணம் கலியாணப் பந்தலோடு முடிந்துவிடுகின்றது. நடுவில் பட்டம் கொடுக்காத அதே விதி இங்கே அவளுக்குத் துணையாகின்றது. ஐந்து வருஷமும் முடியாமல் எதுவும் கையில் வராது என்பதால், நடுவில் நிறுத்தப் பெற்றோருக்கே மனம் வராது. ஆதலால், சட்டம் படிக்க ஆசையுள்ள பெண்ணுக்கு முடிந்தவரை ஐந்து வருஷ வழியே நல்லது என்போம்.

இவ்விரண்டு வழியும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு குறுக்கு வழி காட்டுகின்றவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தபால் மூலம் சட்டம் படித்து வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. பள்ளிப் படிப்பின் அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்களைச் சட்டப் படிப்பில் சேர்க்க அதே 2008-ஆம் வருஷத்து விதிகள் இடம் கொடுப்பதில்லை. வகுப்புக்கே வரவேண்டாம், பணம் கட்டினால் போதும் என்று அழைக்கின்ற தரகன், பட்டத்தை விற்கின்றானேயொழியத் தொழிலைக் கற்றுக்கொடுக்கின்றவனல்ல. பணங்கட்டுமுன் அந்தக் காலேஜுக்குப் பார் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கின்றதா என்று விசாரித்தறிவது ஒவ்வொரு தகப்பனுடைய கடமையுமாகும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஐந்தா ஆறா என்று சண்டை போடுகின்றவர்கள் அதற்குப் பின்னால் வருகின்ற வருஷங்களைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. பெயர்ப் பதிவுக்குச் சட்டம் குறித்த கட்டணம் 750 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் பல ராஜ்யங்களில் பார் கவுன்சில்கள் 15,000 முதல் 42,000 ரூபாய் வரை வசூலித்து வந்தன. சட்டத்துக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2024 ஜூலை 30-ந் தேதி தீர்ப்பளித்த பிறகுதான் ஏழைப் பிள்ளைகளுக்கு மூச்சு வந்தது. பதிவுக்குப் பிறகு அகில இந்தியப் பார் பரீட்சை தேற வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம். பிறகு ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்து தொழில் பழக வேண்டும். முன்சீப் உத்தியோகத்துக்குப் போக விரும்பினாலும் மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் நடத்தியிருக்க வேண்டுமென்று 2025 மே 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே உண்மையான கணக்கு ஐந்தும் ஆறுமல்ல, எட்டும் ஒன்பதுமாகும்.

அந்தக் கடைசி மூன்று வருஷத்தில் சோறு போடுவது யார்? தகப்பனுக்கு வக்கீல் ஆபீஸ் இருக்கின்றவன் வீட்டுச் சோறு தின்று தொழில் பழகுவான். மற்றவன் பஸ் சார்ஜுக்கும் வழியின்றி ஊருக்குத் திரும்புவான். ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை கொடுக்க வேண்டுமென்று சென்னை ஹைகோர்ட்டு 2024 ஜூனில் சொல்லிற்று. இந்தியப் பார் கவுன்சிலும் அவ்வருஷம் அக்டோபரில் அதே அளவைச் சிபாரிசு செய்தது. சிபாரிசு வயிற்றை நிரப்பாது. அதைக் கட்டாயமாக்கும்படி கேட்பதற்குச் செலவிட வேண்டிய வாயை, எந்தப் பட்டம் உசத்தி என்று பேசுவதற்குச் செலவிடுகின்றோம்.

தோழர்களே! பிள்ளையைச் சட்டம் படிக்க வைப்பதற்கு முன், படிப்புச் செலவோடு அதற்குப் பின்வரும் மூன்று வருஷச் செலவையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதைக் கொண்டு வழியைத் தீர்மானியுங்கள். கட்சிக்காரன் தன் வக்கீலை எத்தனை வருஷம் படித்தாய் என்று கேட்பதில்லை. தன் நிலத்தைக் காப்பாற்றித் தருவாயா என்றுதான் கேட்கின்றான்.