மண்பாண்டத்தில் வைத்த காணி உறுதி



வெள்ளவத்தையில் ஒரு மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஐயா ஒருவர் என்னை மறித்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி. "சுவாமி, வெளிநாட்டிலை இருக்கிற பெடியன் ஒருத்தன் எங்கட தோட்டக் காணியைக் கேக்கிறான். நல்ல விலை சொல்லுறான். வித்துப்போட்டு இஞ்சையே இருந்திடட்டோ?" என்று கேட்டார். அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கொட்டாஞ்சேனையிலும் பலர் இதையே கேட்பதால், இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காணி என்ன காணி என்பதை முதலில் நினைப்போம். வலிகாமத்தின் செம்மண், சுண்ணக்கல்லில் வெட்டிய கிணறு, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மாறி மாறி விளைந்த தறை. அவற்றுக்கிடையே முந்திரிகைப் பந்தல்கள். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் தோலகட்டி ஆச்சிரமத்து முந்திரிகை இரசமும் நெல்லி ரசமும் நாடெங்கும் பெயர் பெற்றவை. 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நிமிர்ந்து நின்றான். 1977இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் அடி விழுந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள்.

கொழும்பு நமக்குத் தஞ்சம் தந்தது உண்மை. ஆனால் 2007 ஜூன் 7ஆம் திகதியை மறந்துவிட வேண்டாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. வாடகைச் சிட்டையை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு காலம் வேரூன்ற முடியும்?

உறுதியின் பெறுமதியையும் நாம் கண்டிருக்கிறோம். 2013இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் நீதிமன்றம் சென்றார்கள். 2015 தொடக்கம் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எல்லாம் இன்னும் விடுபடவில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும் என்றது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது. உறுதியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அலுமாரிகளைக் கிளறிய குடும்பங்கள் எத்தனை!

விவிலியத்தில் எரேமியா 32ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் சிற்றப்பன் மகன் வந்து, அனத்தோத்து ஊர்க் காணியை வாங்கும் உரிமை உனக்கே, நீ வாங்கு என்கிறான். எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். நெடுநாள் கெடாதிருக்க உறுதி மண்பாண்டத்தில் வைக்கப்படுகிறது. அந்நாட்டில் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் மீண்டும் வாங்கப்படும் என்பதே அதன் பொருள்.

உறவினனுக்கு முதலில் கேட்கும் அந்த முறை நமக்குப் புதிதல்ல. நமது தேசவழமையிலும் முன்கொள்வனவு உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதை வரையறுத்தது. கூட்டுரித்தாளருக்கு அறிவிக்காமல் பங்கை அந்நியருக்கு விற்றால் வழக்கு வரலாம். காணி வெறும் சரக்கல்ல என்று நம் முன்னோர் கண்டதன் அடையாளம் இது.

ஆகவே என் கருத்து இது. அவசரப்பட்டு விற்காதீர்கள். ஆனால் விற்பவரைக் குற்றவாளி ஆக்கவும் மாட்டேன். பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் கொழும்பில் இருக்க, நோயாளியான தாயை வைத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிப் போய் மண்வெட்டி பிடிக்க முடியாது. விற்கத்தான் வேண்டுமென்றால், யாருக்கு என்று யோசியுங்கள். சுற்றுமதில் கட்டி, கேற்றைப் பூட்டி, ஆண்டுக்கொரு முறை வந்து பார்ப்பவருக்கா? அல்லது அந்த மண்ணில் கூலிக்கு நின்று, சொந்தமாக ஒரு பரப்பும் இல்லாததால் முகாமை விட்டுப் போக வழியற்று வருடக்கணக்காக இருந்த குடும்பங்களுக்கா? அவர்களும் நம்மோடு இடம்பெயர்ந்தவர்களே. விலையில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தாலும், குத்தகைக்குக் கொடுத்தாலும், அது நீதியான வழி.

வாங்கிக் குடியேற நினைக்கும் இளம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். நில அளவையாளரைக் கொண்டு எல்லை பிடியுங்கள். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் உறுதியில் இருக்கிறதா என்று வாசியுங்கள். அற்றோணித் தத்துவத்தை நம்பிக் காசு கொடுக்குமுன் உரித்தாளரோடு நேரே பேசுங்கள். தண்ணீரைப் பரிசோதியுங்கள், சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை அறிவீர்கள். முந்திரிகை நட்ட அன்றே குலை தராது. பந்தலுக்கும் கவாத்துக்கும் கைப்பணமும் பொறுமையும் வேண்டும்.

அந்த ஐயாவை அடுத்த ஞாயிறு சந்திக்க இருக்கிறேன். "பெடியனுக்கு இப்ப மறுமொழி சொல்லாதேங்கோ. முதலிலை சகோதரங்களைக் கூப்பிட்டு உறுதியை வாசியுங்கோ. பிறகு அந்தத் தோட்டத்திலை உங்களோடை நின்று கொத்தினவன்ரை பிள்ளைகள் இப்ப எங்கை எண்டு விசாரியுங்கோ" என்று சொல்லப்போகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் இதைப் பேசுங்கள்.