முதல் கேள்வியைக் கேட்காத சுகாதாரப் பாடம்

6ஆம் தரத்துக்கான புதிய கல்விச் சீர்திருத்தம் 2027ஆம் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலப் பாடக் கற்றல் தொகுதியொன்றில் மாணவர்களுக்குப் பொருத்தமற்ற இணையத்தளமொன்று குறிப்பிடப்பட்டிருந்தமை சர்ச்சையானதை அடுத்து, 2026 ஜனவரியில் இந்த முடிவு எடுக்கப்பட்டது. யார் பொறுப்பு என்பது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கிடைத்திருக்கும் அவகாசத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பது பற்றித்தான் பேச்சு குறைவு. குறிப்பாக, ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ என்ற பாடம் பற்றிக் கல்முனைக் கரையோரத்திலிருந்து சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

6 முதல் 9 வரையான தரங்களில் எல்லா மாணவர்களும் படிக்கும் பாடம் அது. சாதாரண தரத்தில் விருப்பப் பாடமாகிவிடுகிறது. பாடத்திட்டம் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் தயாராகிறது. கொழும்புப் பிள்ளைக்கும் மருதமுனைப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம்தான்.

பாடநெறிகளை வடிவமைப்பதற்கென உலகெங்கும் பயன்படும் மாதிரி ஒன்று உண்டு. 1975இல் அமெரிக்க இராணுவத்தின் பயிற்சிகளுக்காக புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த வேலையிலிருந்து வளர்ந்தது அது. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், அமுலாக்கம், மதிப்பீடு என்பன அதன் ஐந்து படிகள். படிக்கப்போவது யார், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எந்தச் சூழலில் வாழ்கிறார்கள் என்று கேட்பதே முதற்படி. அதைத் தாண்டிப் போனால் மீதி நான்கும் ஆடம்பரமாக நடந்தும் பயனில்லை.

இலங்கைக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது, அமெரிக்க விஞ்ஞானக் கல்வியில் 1980களில் உருவான ‘ஐந்து ஈ’ முறையும் கூடவே வந்தது. மாணவரை ஈடுபடுத்தி, தேட விட்டு, விளக்கச் செய்து, விரித்து, மதிப்பிடும் நல்ல முறைதான் அது. ஆனால் நெருக்கமான வகுப்பறையும் பரீட்சை அவசரமும் சேர்ந்தபோது, குழுவேலை என்பது பல இடங்களில் பிறிஸ்டல் போர்ட்டில் எழுதி ஒட்டுவதோடு முடிந்துபோனது.

அந்த முதற்படியைக் கல்முனையில் எடுத்து வைத்தால் என்ன தெரியும்?

2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தோர் 10,000க்கும் மேல். அன்று சிறுவர்களாக இருந்தவர்கள்தான் இன்று பெற்றோர்களும் ஆசிரியர்களும். அதற்கு முன் 1990இன் படுகொலைகள் தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்பு வீடுகளிலும் காயமாக இருக்கின்றன. 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் குண்டு வெடிப்புகளிலும் சிறுவர்களும் இறந்தார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை வெள்ளம் அடித்துச் சென்றது. இந்தப் பிள்ளைகளுக்கு மன ஆரோக்கியம் என்று பரீட்சைப் பயத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் அது அரைப் பாடம். கடலும் ஆறும் சூழ்ந்த ஊரில் நீரிலிருந்து தப்பும் வழியைச் சொல்லாவிட்டால் அதுவும் அப்படியே.

அன்றாட விடயங்களும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை. அந்த ஒரு மாத உணவும் உறக்கமும் உடற்பயிற்சியும் பாடத்துக்குள் வருகின்றனவா? பெண் பிள்ளைகள் வெட்கமின்றி ஓடியாட இடம் இருக்கிறதா? மாதவிடாய் பற்றி யாரிடம் கேட்பார்கள்? பருவ வயதுக் கல்வி என்றதும் எழும் எதிர்ப்பையும் இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். தாய்மாரிடமும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களிடமும் முதற்படியிலேயே பேசினால் அது ஆலோசனை. பேசாவிட்டால் அதே ஆட்கள் நான்காம் படியில் எதிர்ப்பாளர்களாக வருவார்கள். இடையில் நட்டப்படுவது பிள்ளை.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘எமது தேவை’ என்று தொடங்கும் எதுவும் கல்முனையில் சீக்கிரமே ‘எமது சமூகத்தின் தேவை’ ஆகிவிடும். பாடசாலைகள் தமிழ், முஸ்லிம் என்று பிரிந்தவை. பிரதேச செயலகப் பிரச்சினை இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே ஊரில் இயங்குகின்றன. ஆனால் டெங்கு நுளம்புக்கு எல்லைக் கோடு தெரியாது. இரு சமூகத்துப் பாடசாலைகளும் கல்முனை வலயக் கல்வி அலுவலகத்தின் கீழேயே வருகின்றன. கல்முனைக்கெனப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் உண்டு. சேர்ந்து திட்டமிட இதைவிட வசதியான பாடம் வேறில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. பெயர் எழுதாமல் கேள்விகளைப் போட ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பெட்டி வைக்கலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்வை, பல், இரத்தச்சோகை பற்றித் தெரியவரும் பொதுவான நிலையை, பிள்ளைகளின் பெயரின்றி, ஆசிரியர்களுக்குத் தரலாம். பாடவேளை குறைந்த யாரிடமாவது இப்பாடத்தை ஒப்படைக்கும் வழக்கத்தை அதிபர்கள் நிறுத்தலாம்.

மதிப்பீட்டையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். விக்கின்ஸ், மக்டை ஆகிய இருவர் 1998இல் எழுதிய நூலில் சொன்ன ‘பின்னிருந்து திட்டமிடல்’ இதுதான்: பிள்ளை இறுதியில் என்ன செய்ய வல்லவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பாடத்தை எழுதுவது. ஜீவனி கரைக்கத் தெரிகிறதா? வெள்ளத்தில் எந்தப் பாதையைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிகிறதா? யாராவது தகாத முறையில் தொட்டால் யாரிடம் சொல்வது என்று தெரிகிறதா?

இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் பிள்ளை பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தாலும் பாடம் வென்றுவிட்டது. 2027க்குள் மகரகமவுக்கு இதை எழுதி அனுப்ப வேண்டிய பொறுப்பு எமது வலயத்துக்கும் பெற்றோருக்கும் உண்டு.