மைக்கு ஒரு பூட்டு

அச்சுப்பொறியை மலிவாக விற்று, மையில் பணம் பறிப்பது பழைய வியாபார உத்தி. அந்த வருமானத்துக்குக் காவலாகவே காட்ரிட்ஜில் ஒரு சில்லு வைக்கப்படுகிறது. செலவான மையைக் கணக்கிட்டு, தீர்ந்துவிட்டது என்று அது அறிவிக்கும். நாம் மீள நிரப்பினாலும் பல பொறிகளில் அதே பல்லவிதான்.

தரத்தைப் பேணவே சில்லு என்பார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 2022இன் தொடக்கத்தில், சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கெனன் நிறுவனம் சில்லு இல்லாத டோனர் காட்ரிட்ஜ்களை விற்றது. எச்சரிக்கையைத் தாண்டி அச்சிடும் வழியையும் ஜேர்மனிய வாடிக்கையாளருக்குத் தானே சொல்லிக்கொடுத்தது. தமது பொருளுக்கு இல்லாமலே முடிந்தது, நாம் நிரப்பும் மைக்கு மட்டும் முடியாதா?

நிரப்புவது மந்திர வித்தையன்று. பஞ்சு உள்ள காட்ரிட்ஜாயின், அது உலர்ந்துபோகுமுன், பொருத்தமான மையைச் சிரிஞ்சினால் மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழ் அடைத்துக்கொள்ளும். அச்சுத்தலையும் சேர்ந்த காட்ரிட்ஜ் பல தடவை நிரப்பினால் தேய்ந்துவிடும் என்பதும் உண்மையே. ஆனால் எப்போது எறிவது என்று தீர்மானிக்க வேண்டியவர், காசு கொடுத்து வாங்கியவர்.

விற்ற காட்ரிட்ஜின் மீது காப்புரிமை கொண்டாட முடியாதென 2017 மே மாதம் லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் திறந்த கதவைச் சில்லு பூட்டுகிறது. விற்ற வீட்டின் சாவியை விற்றவரே வைத்திருப்பது வியாபாரமா?