வலியைப் பொறுத்துக்கொள்வது யோகம் ஆகாது

“யோகாசனத்தில் பக்கவிளைவே கிடையாது; எந்த ஆசனத்தையும் எல்லோரும் செய்யலாம்; வலித்தாலும் விடாமல் செய்தால் உடம்பு பழகிவிடும்.” பூங்கா வகுப்புகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இந்த மூன்றுமே தவறு. யோகத்தை மதிப்பவர்கள்தான் இதை முதலில் மறுக்க வேண்டும். இந்தப் பேச்சை நம்பிக் கழுத்தையோ முழங்காலையோ கெடுத்துக்கொண்டவர், தனக்கு நன்மை செய்திருக்கக்கூடிய எளிய பயிற்சிகளையும் சேர்த்தே கைவிட நேரிடுகிறது.

முதலில் பக்கவிளைவு. உடம்பை மாற்றும் வலிமை ஆசனத்துக்கு உண்டென்றால், பொருந்தாத உடம்புக்குத் தீங்கு செய்யும் வலிமையும் அதற்கு உண்டு. ஹோல்கர் கிராமர் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு, மருத்துவ இதழ்களில் பதிவான 76 பாதிப்புகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்டது. சிரசாசனம், சர்வாங்காசனம், பத்மாசனம், வேகமான மூச்சுப் பயிற்சிகள் ஆகியவையே அதில் அதிகம் இடம்பெற்றன. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் இரண்டு மடங்காக உயர்வது தெரிந்தது. அதனால் அவர்களுக்கு நிரந்தரமான கண் அழுத்தம் கூடுதலாக வந்துவிடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆனால், கிளாக்கோமாவால் பார்வை நரம்பு ஏற்கெனவே நலிந்தவர் அந்த உயர்வை விலை கொடுத்து வாங்கலாமா?

எல்லோருக்கும் எல்லா ஆசனமும் பொருந்தும் என்பதும் நிற்காது. முதுகெலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்களிடம் அமெரிக்காவின் மேயோ கிளினிக் நடத்திய ஆய்வு 1984இல் வெளியானது. முன்னோக்கி வளையும் பயிற்சிகளைச் செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் புதிய முறிவுகள் ஏற்பட்டன. முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளைச் செய்தவர்களில் அது 16 விழுக்காடுதான். அவை யோக வகுப்புகள் அல்ல, சிறிய ஆய்வும்கூட. ஆனாலும் பச்சிமோத்தாசனத்தில் முதுகு வளைவதும் அதே திசையில்தான். எலும்பு மெலிந்த அறுபது வயதுப் பெண்ணையும் கல்லூரி மாணவியையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து, நெற்றி முழங்காலைத் தொட வேண்டும் என்பது பயிற்சி ஆகாது.

வலியைப் பொறுத்துக்கொள் என்பதுதான் மூன்றிலும் கெடுதலானது. பத்மாசனத்தில் கால் மடங்குவதற்கான திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாதவர் பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் ஏற்றினால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. உள்ளே இருக்கும் ஜவ்வு நசுங்குகிறது. தசை இழுபடும்போது வரும் மிதமான இறுக்கம் வேறு. மூட்டுக்குள் குத்தும் வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் ஆகியவை வேறு. பின்னவை வந்தால் அந்த நிமிடமே ஆசனத்திலிருந்து வெளியே வர வேண்டும்.

“மரபு இப்படித்தான் கற்பித்தது” என்பார்கள். ஆனால், அந்த மரபில் பதஞ்சலி ஆசனத்துக்கு வைத்த இலக்கணமே அசையாமையும் சுகமும்தான். மூச்சுப் பயிற்சி தவறினால் விக்கல், இருமல், மூச்சிரைப்பு, தலைவலி வரும் என்று எச்சரிப்பது ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல். ஆளுக்குத் தக்கபடி பயிற்சியை மாற்றியவர் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார். நாற்காலி, பெல்ட், மரக்கட்டை ஆகியவற்றைத் துணைக்கு வைத்துக் கற்பித்தவர் அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார்.

இப்படியெல்லாம் சொன்னால் மக்கள் பயந்து விலகிவிடுவார்களே என்பது நியாயமான கவலை. அதற்கும் கிராமர் குழுவிடமே பதில் இருக்கிறது: ஒழுங்காக நடத்தப்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அவர்களின் 2015 ஆய்வு, யோகம் மற்ற உடற்பயிற்சிகளைப் போலவே பாதுகாப்பானது என்றது. ஆகவே யோகத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கேள்வி கேட்காத வகுப்பைக் கண்டுதான் பயப்பட வேண்டும். கண் அழுத்தம், இரத்த அழுத்தம், எலும்பின் நிலை, கழுத்து வலி, கர்ப்பம் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் தலைகீழாக நிற்கச் சொல்லும் ஆசிரியரிடம், முடியாது என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு.