ராஜா போனாலும் மக் போகலை!

ராப்பகலா உட்கார்ந்து முடிச்ச ப்ராஜெக்ட்டை, ரிவ்யூ அன்னிக்கு 'இந்த டாபிக் வேண்டாம்ப்பா, வேற பண்ணு'ன்னு கைடு தள்ளிவிட்டா எப்படி இருக்கும்? இங்கிலாந்துல ஒரு ஓவியருக்கு ஒரு ராஜாவே அப்படிப் பண்ணினார்!

ஓவியர் பேரு எரிக் ரவீலியஸ். மரக்கட்டையில செதுக்கி அச்செடுக்கிறதுல கில்லாடி. 1759-ல் ஆரம்பிச்ச வெட்ஜ்வுட் பீங்கான் கம்பெனிக்காக 1936-ல் ஒரு மக் டிசைன் பண்ணினார். எட்டாம் எட்வர்ட் முடிசூட்டு விழா நினைவா விக்கிறதுக்கு. கீழே அரச முத்திரை, மேலே வானத்துல வெடிச்சுச் சிதறுற வாணவேடிக்கைன்னு அசத்திட்டார் மனுஷன்.

அப்போ பீங்கான்ல படம் ஏத்துறது லேசுப்பட்ட வேலை இல்லை. டிசைனைச் செம்புத் தகட்டுல செதுக்கணும். மை பூசி, மெல்லிசான டிஷ்யூ பேப்பர்ல அச்செடுத்து, மக் மேல ஒட்டித் தேய்ச்சுட்டு, பேப்பரைத் தண்ணியில கழுவி எடுக்கணும். அப்புறம் சூளை. கலர் தனியா கையால. 'அன்டூ' பட்டன் எல்லாம் கிடையாது பாஸ்!

1936 டிசம்பர்ல வந்தது ஆப்பு. வாலிஸ் சிம்ப்சனைக் கல்யாணம் பண்ணிக்கிறதுக்காக எட்வர்ட் சிம்மாசனத்தையே உதறிட்டார். மக் விற்பனை நின்னுபோச்சு.

ஆனா விழா நிக்கலை. குறிச்ச அதே 1937 மே 12-ல் தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார். ரவீலியஸ் ராஜா பேருக்கான எழுத்துகளையும் கலரையும் மாத்தினார். வாணவேடிக்கை அப்படியே இருந்தது. 1953-ல் எலிசபெத் ராணி முடிசூடினப்பவும் அதே டிசைனைத்தான் மாத்தி எடுத்தது வெட்ஜ்வுட்.

அதைப் பார்க்க ரவீலியஸ் இல்லை. இரண்டாம் உலகப் போர்ல அரசாங்கத்துக்காகப் படம் வரையப் போனவர், 1942 செப்டம்பர்ல ஐஸ்லாந்துல காணாமப்போன ஒரு விமானத்தைத் தேடிப் போன இன்னொரு விமானத்துல ஏறினார். அதுவும் திரும்பலை. வயசு 39. போருக்கு முன்னாடி அவர் வரைஞ்சு வெச்ச 'டிராவல்' டின்னர் செட்கூட போருக்குப் பிறகுதான் கடைக்கு வந்தது.

யோசிச்சுப் பாருங்க. அவர் ராஜா முகத்தை வரைஞ்சிருந்தா, கதை 1936-லேயே முடிஞ்சிருக்கும். அவர் வரைஞ்சது ஜனங்க அண்ணாந்து பார்க்கிற வானத்தை. வாணவேடிக்கைக்கு எந்த ராஜா வந்தா என்ன?

உங்க ப்ராஜெக்ட் ரிஜெக்ட் ஆச்சா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க... அதுல ராஜா பேரு எது, வாணவேடிக்கை எது?