மகளின் பிறந்தநாளும் 23 படங்களும்

கடந்த லீவில் குடும்பத்தோடு கோலாலம்பூர் போய் வந்தோம். மகளுக்கு ஏழு வயது நிறைந்தது அங்கே வைத்துத்தான். நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு, கொஞ்சம் கடனும் உண்டு.

பிறந்தநாள் கொண்டாடுவது கூடுமா கூடாதா என்று கொமண்டுக்கு வரப்போகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். இது வேறு விஷயம்.

அன்று பகல் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே இருக்கும் பூங்காவுக்குப் போனோம். அங்கே சிறுபிள்ளைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத தடாகம் ஒன்று உண்டு. கட்டணம் இல்லை. 452 மீற்றர் கோபுரத்தை மகள் இரண்டு தடவை அண்ணாந்து பார்த்திருந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் தண்ணீரில்தான். எந்த நாட்டுப் பிள்ளையோ தெரியாது, ஒரு சிறுமியோடு பாஷையே இல்லாமல் ஒரு மணித்தியாலம் விளையாடினாள். அவளுக்குப் பிறந்தநாள் அதோடு நிறைந்துவிட்டது. எங்களுக்குத்தான் போதவில்லை. இரவு நீரூற்றுக்கு லைட் போட்டதும் கேக் பெட்டியைத் திறந்தோம். கோபுரம் முழுதாக விழவேண்டும் என்று அவளை மாற்றி மாற்றி நிற்க வைத்தோம். நித்திரைக் கண்ணோடு சிரித்தாள். ஹோட்டலுக்கு வந்த கையோடு 23 படங்களைப் பேஸ்புக்கில் போட்டோம். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே அறிவித்த புத்திசாலித்தனம் வேறு!

பாடசாலை தொடங்கிய முதல் கிழமை. தரம் 2 மாணவன் ஒருவன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"டீச்சர், வெளிநாட்டுக்கு எல்லாரும் ஒண்டாப் போக ஏலுமா?"

முதலில் விளங்கவில்லை. அவனுடைய வாப்பா கட்டாரில் சாரதி. அவனுக்குத் தெரிந்த வெளிநாடு, வாப்பா மட்டும் போகிற இடம். உம்மாவின் போனில் எங்கள் படங்களைப் பார்த்திருக்கிறான்.

பிறகு அவனுடைய உம்மா சொன்னார் (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்). போன பிறந்தநாளன்று வாப்பா எடுக்கும்வரை கேக் வெட்டமாட்டேன் என்று நின்றானாம். கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தி. அவர் வேலை முடிந்து எட்டு மணிக்கு எடுக்கும்போது இங்கே பத்தரை. பிள்ளை தூங்கிவிட்டான்.

பயணம் போனது பிழை என்று நாம் சொல்லவில்லை. ஹலாலாக உழைத்த காசைப் பிள்ளைக்குச் செலவழிக்க யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் நம் ஊர்களில் ஆசிரியர்களின் பேஸ்புக்கைப் பார்ப்பது யார்? நம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். அந்தப் போன்களில் பாதி நேரம் பிள்ளைகளின் கையில். பிறந்தநாளன்று வகுப்புக்கு டொபி கொண்டுவர வசதியில்லாத பிள்ளை அன்றைக்கு வராமல் நின்றுவிடுகிறது, ஆகவே டொபியை நிறுத்துவோம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசியவர்களும் நாம்தான். டொபியைத் தடுத்துவிட்டுக் கோபுரத்தைக் காட்டினோம்.

மகளுக்காகப் போட்டோம் என்றும் சொல்ல முடியாது. அவளிடம் போனே இல்லை.

படங்களை எல்லாம் எடுத்துவிட்டோம். நல்லதாகப் பார்த்து ஐந்தாறைக் கழுவி மகளிடம் கொடுத்தோம். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீரில் தன்னோடு விளையாடிய பிள்ளையின் படம் எங்கே என்று கேட்டாள். அதை நாங்கள் எடுத்திருக்கவில்லை.